தண்ணீர் படாத கால்விரல்கள்

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் தொட்டதெல்லாம் கையைக் கடித்தது. கதவுப் பிடி கடித்தது, பஸ்ஸில் பிடித்து நிற்கும் கம்பி கடித்தது, நாங்கள் குடியிருந்த "பேஸ்மென்ற்" வீட்டின் சின்ன யன்னல் கண்ணாடியும், வெளியே ஏறிக் கிடந்த பனியின் குளிரை அப்படியே வாங்கி வைத்திருந்து, விரல் பட்டதும் கடித்தது. கடிக்காத பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒன்றரைச் சாண் உயரமுள்ள ஒரு வெள்ளைக்கல் மாதா. கல் என்றால் குளிரத்தானே வேண்டும், அது குளிராது. சவர்க்காரக் கட்டியைப் போல வழுவழுப்பாக, சற்று முன்னர்தான் யாரோ மடியிலிருந்து இறக்கி வைத்தது போன்ற ஒரு இளஞ்சூட்டோடு இருக்கும். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் இந்தக் கனடாவில் வேறு ஒன்றும் தெரியவில்லை.

மாதா எங்களுடையவர் அல்ல. ஸ்காபறோவில் இருந்த அந்தச் செங்கல் வீட்டின் மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரி அசுந்தா அன்ரி தனியாக இருந்தா. சிசிலித் தீவிலிருந்து கல்யாணம் கட்டி வந்த இத்தாலிக்காரி. கணவன் செத்த நாள் முதல் கறுப்புச் சட்டைதான். அவ வீட்டுக் குசினி மூலையில், பின்னல் துணி விரித்த ஒரு சுவர்த் தட்டில் அந்த மாதா நின்றா. ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்து, காற்றில் அள்ளுண்டது போலச் சேலை மடிப்பெல்லாம் சுழன்று பறக்க, இடக்கையில் பிள்ளையை ஏந்தி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பா. பிள்ளை ஒரு கையால் தாயின் கழுத்தைத் தொட்டபடி, சிரிப்பு வரப் போகிற வாயோடு நிமிர்ந்து பார்க்கும். அதன் தலைமயிர் சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளின் நுனியிலும் பொன் தொட்டிருந்தது. பீடத்தில் கன்னம் உப்பிய, சிறகு முளைத்த சம்மனசுக் குஞ்சுகளின் தலைகள். பின்னால் விளக்கை வைத்தால் ஒளி கல்லுக்குள்ளேயே போய், எங்கள் காதுச் சோணையில் வெளிச்சம் படும்போது தெரியுமே, அப்படி ஒரு சிவப்பு கலந்த மஞ்சளாக உள்ளே நின்று எரியும்.

முதன்முதலில் வீட்டுக் கதவுத் திறப்பு வாங்க மேலே போன அன்று, அம்மா அந்த மூலையைக் கண்டதும் குசினி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினா. அசுந்தா அன்ரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காத அந்த இரண்டு பெண்களுக்கும் சிநேகம் பிடித்தது அந்த நிமிடத்தில்தான். "ஊரில மடு மாதாவைக் கும்பிட்டு வளந்த எங்களுக்கு உவ என்ன புது ஆளே?" என்று கீழே வந்ததும் அம்மா சொன்னா. இரண்டு வேலை செய்து, நித்திரைக்கு மட்டும் வீட்டுக்கு வரும் அப்பா, "ஓமோம், விட்டால் வெள்ளைக்கார அம்மாவுக்குத் திருநீறும் பூசிவிடுவீர்" என்று சிரித்தார்.

அப்பாதான் முதலில் வந்து, "ஸ்பொன்சர்" செய்து எங்களைக் கூப்பிட்டவர். அதில் அம்மாவுக்கும் எனக்கும் வழி கிடைத்தது. அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை. இருபது வயது ஆளைப் பிள்ளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று விட்டார்கள். ஆகவே எங்கள் குகன் அண்ணா, காசு வாங்கிக் களவாக ஆட்களை அனுப்பும் "ஏஜென்சி"க்காரன் ஒருவனோடு வேறு வழியால் புறப்பட்டார். கொழும்பில் விமான நிலையத்துக்கு எங்களை ஏற்றிவிட வந்தபோது, "நீங்கள் போய்ச் சோறு சமைச்சு வையுங்கோ, ஆற முதல் நான் வந்திடுவன்" என்று அம்மாவிடம் சொன்னவர். அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு ஆளுக்குக் கூடவே சோறு போட்டா.

பனி தொடங்கிய நாட்களில் அசுந்தா அன்ரியின் தங்கைக்கு ஊரில் நோய் முற்றி வருத்தம் கடுமை என்று செய்தி வந்தது. ஈஸ்டர் வரைக்கும் அங்கே நிற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு துவாயில் மாதாவைச் சுற்றி மார்போடு அணைத்து, மற்றக் கையில் சிவப்புக் கண்ணாடி விளக்கோடு எங்கள் படியிறங்கி வந்தா. அவவின் இங்கிலீசும் என் இங்கிலீசும் ஏறக்குறைய ஒரே வகுப்பு என்பதால் எனக்கு அவவை நன்றாக விளங்கும், நான்தான் மொழிபெயர்ப்பு. மகன் நீனோ நகரத்தின் மற்ற அந்தலையில் இருக்கிறான், அவன் பெண்சாதி மாதாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள் என்றா. தன் தாயும், தாயின் தாயும் ஒரு நாள்கூட இந்தத் தாயை இருட்டில் விட்டதில்லை என்றா. பின்னேரங்களில் பனி வழித்துக்கொண்டு நிற்கும்போது எங்கள் யன்னலுக்குள் அம்மா விளக்கு வைப்பதைத் தான் பார்ப்பதாகவும், ஒரு நாளும் அது தவறியதில்லை என்றும் சொல்லி, "ஒவ்வொரு நாளும் லைற்" என்று விரலை உயர்த்தினா. அம்மா "ஓம், ஓம்" என்றா. அந்தச் சொல் அதற்குள் அசுந்தா அன்ரிக்கும் பழகியிருந்தது. அவவும் "ஓம்" என்று சொல்லி, மாதாவின் காலைக் கொஞ்சிவிட்டுப் போனா.

எங்கள் சாமித் தட்டில் பித்தளைப் பிள்ளையாருக்கும் வேலுக்கும் நடுவில் மாதா வந்து நின்றா. வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல அம்மா தலை தோய்ந்து, பிள்ளையாரையும் வேலையும் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் வார்த்து, பால் வார்த்து, திரும்பத் தண்ணீர் வார்த்துத் துடைத்து வைத்தா. பிறகு மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இஞ்சேருங்கோ, இவவைக் குளிப்பாட்டாமல் விடுறது சரியே?"

"அவை கிறிஸ்தவ ஆக்களப்பா. அவையிட்டை அபிஷேகம் ஒண்டும் இல்லை."

"வீட்டுக்கு வந்த ஆள். கைப்பிள்ளையோட நிக்கிறா. வெறும் விளக்கை வைச்சிட்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறதே?"

"சரி சரி, முழுக வாரும். பிறகு உவவுக்குத் தடிமன் பிடிச்சால் நான் லீவு போடேலாது."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு தெய்வத்தை நம்பி ஒப்படைத்தால், அதற்குச் செய்ய வேண்டியதில் குறை வைக்கக் கூடாது என்பதுதான் அம்மாவின் மனம். யாரும் அவவுக்குக் கல்லில் சாதி இருக்கிறது என்று சொல்லித் தரவில்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் கருங்கல்லுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடம் குடமாக வார்க்கிறார்கள். வார்க்க வார்க்கக் கல் மினுங்குமே தவிர என்ன செய்யும்?

அடுத்த கிழமை அண்ணா "பாங்கொக்"கில் இருந்து ரெலிபோன் எடுத்தார். லைனில் இரைச்சல். "பொங்கலுக்கு முதல் வந்திடுவன் அம்மா. அவள் சின்னவளுக்கு என்ன வேணுமாம் எண்டு கேளுங்கோ" என்றார். நான் என்ன கேட்டேன் என்பது இன்று நினைவில்லை. ரிசீவரை வைத்ததும் அம்மா மாதாவின் முன்னால் போய் நின்று, "அம்மா, நீயும் ஒரு மகனை வைச்சிருக்கிறாய். என்ர மகன் வாற வரைக்கும் உனக்கு நான் விடாமல் வார்ப்பன்" என்று நேர்ந்துகொண்டா.

அம்மா வார்க்கும் விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. இடக்கையால் சிலையை அடியோடு சேர்த்துப் பிடிப்பா. பெருவிரல் பிள்ளையின் வலது காலை மூடி இருக்கும். இந்த நாட்டில் பையில் வரும் பாலைச் செம்பில் விட்டு, இளஞ்சூடாக்கி, தலையில் இருந்து வார்ப்பா. பிறகு சுடுதண்ணீர், பிறகு பன்னீர், கடைசியில் நெற்றியில் சந்தனம். திருநீறு மட்டும் பூசவில்லை. "அது அவவின்ர சமயமில்லை" என்று அதில் கவனமாக இருந்தா. கிண்ணத்தில் சேர்ந்த பாலைத் தீர்த்தம் என்று எனக்கும் ஒரு கரண்டி தருவா. பள்ளிக்கூடத்துச் சோக்குக் கட்டியை நக்கியது போல நாக்கில் ஒரு மாவு நிற்கும். ஒரு முறை கிண்ணத்தில் ஒரு பொன் துணுக்கு மிதந்தது. அம்மா அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டா.

பொங்கல் வந்தது, அண்ணா வரவில்லை. ரெலிபோனும் இல்லை. அப்பா வேலைக்கு நடுவில் ஏஜென்சிக்காரனுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தார். முதலில் "இண்டைக்கு நாளைக்கு" என்றான், பிறகு அந்த நம்பர் இல்லை என்றது. வெள்ளிக்கு மட்டும் நடந்த அபிஷேகம் செவ்வாய்க்கும் நடந்தது, பிறகு எல்லா நாளும் நடந்தது.

கல் மங்கத் தொடங்கியதை நாங்கள் காணாமல் இல்லை. விளக்கை வைத்தால் ஒளி முன்போல உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றது. மேனி சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறியது. விளக்குப் புகை படிந்துவிட்டது என்று அம்மா, பித்தளைக்குத் தேய்ப்பது போலத் தேசிக்காய்ப் பாதியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினா. பிள்ளையின் தலைச் சுருள்கள் ஒன்றோடு ஒன்று கலந்தன. வாயிலிருந்த சிரிப்பு எந்தக் கிழமை போனது என்று சொல்லத் தெரியவில்லை. "பாத்தியே பிள்ளை, கல்லே இளகுது. அம்மாள் இரங்கிறா. அண்ணா எங்கையோ கிட்ட வந்திட்டான்" என்று அம்மா சொன்னா. நானும் நம்பினேன். அந்த வீட்டில் அதைத் தவிர நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

தெருவோரப் பனி கறுத்து உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் அசுந்தா அன்ரி திரும்பி வந்தா. தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தா. பயணச் சட்டையோடேயே, பாதாம் பருப்பு இனிப்புப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கீழே இறங்கினா. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கண்டு சிரித்தபடி கிட்டப் போனவ, அப்படியே நின்றா. பெட்டியைக் கீழே வைத்தா. மாதாவைக் கையில் எடுத்து, யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பெருவிரலால் பிள்ளையின் முகத்தைத் தடவினா. மூக்கில்லை, கண்ணில்லை, வாயில்லை. சப்பித் துப்பிய இனிப்பைப் போல ஒரு வெள்ளை உருண்டை.

"தண்ணியோ?" என்று கேட்டா.

"ஓம். தண்ணி, பால், பன்னீர். ஒவ்வொரு நாளும்" என்று, குறைவில்லாமல் பார்த்துக்கொண்ட பெருமையோடு அம்மா சொன்னதை நான் இங்கிலீசில் சொன்னேன்.

அசுந்தா அன்ரி மாதாவைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டா.

தாயைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு மேலே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்த நீனோ சத்தம் கேட்டு ஓடி வந்தான். வந்தவன் போட்ட சத்தத்தில் பிள்ளையார்கூட நடுங்கியிருப்பார். அம்மா என் தோளைப் பிடித்து, "என்னவாம் பிள்ளை, என்னவாம்?" என்று உலுக்கினா. நான் சொன்னேன்: "இது மாபிள் இல்லையாம் அம்மா. அலபாஸ்டர் எண்ட ஒரு கல்லாம். உப்புக் கட்டி மாதிரியாம். ஈரத்துணியும் படக் கூடாதாம். தண்ணி அதைத் தின்னுமாம். முந்நூறு வருசத்துக்கு முதல் அவையின்ர ஊரில செதுக்கினதாம். எங்களை வீட்டை விட்டு எழும்பட்டாம்."

வீட்டை விட்டு எழும்பச் சொன்னது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. இத்தனை காலமும் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தன் கையால் தானே கழுவி எடுத்திருக்கிறா. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கரண்டி கரண்டியாகக் குடித்திருக்கிறோம். அம்மா சிலையையே பார்த்தா. பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, எனக்கு இன்றைக்கும் காதை விட்டுப் போகாத ஒரு குரலில் சொன்னா: "கேள் பிள்ளை அவவிட்டை. தெரியாமல் செய்ததுக்கும் அந்தத் தாய் கோவிப்பாவோ எண்டு கேள். அதை என்ர பிள்ளையில காட்டுவாவோ எண்டு கேள்."

நான் கேட்டேன். அசுந்தா அன்ரிக்கு எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை உண்டு என்பதே அப்போதுதான் தெரியும். என்ன வயது, எங்கே என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டா. மாதாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் குந்தினா. சத்தம் போட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னா. அவன் வாயை மூடிக்கொண்டு மேலே போனான். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, மடியில் கிடந்த மாதாவைக் காட்டி, ஆறுதலாகத்தான் சொன்னா: இவ யாரோடும் கோபிக்க மாட்டா, இவவும் மகனைப் பறிகொடுத்தவதானே, ஒரு தாயின் மனம் இவவுக்குத் தெரியும் என்று.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். "இவவும் மகனைப் பறிகொடுத்தவ" என்ற இடத்தில் அம்மாவின் கை அசுந்தா அன்ரியின் கைக்குள்ளிருந்து நழுவியது. மிச்சத்தை அம்மா கேட்கவில்லை.

அண்ணா வரவில்லை. ஒருவர் மலேசியாவில் ஒரு சிறையில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் ஒரு வள்ளத்தைப் பற்றிச் சொன்னார், எந்தக் கடல் என்று அவருக்கே தெரியாது. உடலைக் காணாத தாய் அந்தியேட்டி செய்வாளா, திவசம் செய்வாளா? அம்மா ஒன்றும் செய்யவிடவில்லை. படத்துக்கு மாலை போடும் பேச்சை அப்பா ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு, பிறகு தான் சாகும் வரைக்கும் எடுக்கவில்லை. மாலை போடுவதற்குப் படமும் இருக்கவில்லை. அண்ணாவின் நல்ல படங்களெல்லாம் கடவுச்சீட்டு வேலைக்கென்று அந்த ஏஜென்சிக்காரனிடம் போனவை.

அந்த நாளுக்குப் பிறகு அம்மா வீட்டில் எந்தத் தெய்வத்துக்கும் தண்ணீர் வார்க்கவில்லை. பித்தளைப் பிள்ளையாருக்கும் உலர்ந்த துணிதான். கோயிலில் அபிஷேகம் நடக்கும்போது, எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்க, அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பா. பால் வார்க்கும் சத்தம் ஓய்ந்து மணி அடித்த பிறகுதான் திறப்பா.

எங்களை எழுப்பவில்லை. "வீடு என்ர, மாதாவும் என்ர" என்று மகனிடம் சொல்லிவிட்டாவாம். மாதா திரும்பவும் மேலே அந்தப் பின்னல் துணியில் போய் நின்றா. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போய் வந்து, படியில் அம்மாவைக் கண்டால் அசுந்தா அன்ரி கேட்பா: "குகா? டெலிபோன்?" அம்மா இல்லை என்று தலையை ஆட்டுவா. பிறகு நாங்கள் வேறு வீடு மாறிப் போன பின்னரும், கடைத்தெருவில் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். எங்கள் ஆட்கள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மனம் நோகும் என்று நினைத்திருப்பார்கள். கேட்பதை நிறுத்தாத ஒரே மனிசி அவதான். அவ கேட்கும் வரைக்கும் அண்ணா எங்கேயோ இருக்கிறார் போல அம்மாவுக்கு இருந்தது.

நான் கல்யாணம் கட்டி, அம்மாவும் அப்பாவும் ரூஜ் என்ற பகுதியில் என்னோடு இருந்த காலத்தில், ஒரு நாள் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரன் வாசலில் வந்து நின்றான். கையில் துவாய்ச் சுற்று. நீனோ. தாய்க்கு முழங்கால் போய்விட்டது, வீட்டை விற்றுவிட்டோம், முதியோர் இல்லத்தில் சேர்க்கிறோம், அங்கே அறைக்குள் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்களாம் என்றான். "இருட்டில் வைக்க அம்மாவுக்கு மனமில்லை. உங்கள் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னா. அவ ஒரு நாளும் விளக்கை நிற்பாட்டவில்லை என்றா." அன்றைக்குச் சத்தம் போட்ட அதே மனிதன், வீட்டுக்குள் வரும்போது யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினான்.

அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினா. முகமில்லாத அந்தப் பிள்ளையை நெடுநேரம் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, ஈரமில்லை என்று நிச்சயப்படுத்திய பிறகுதான் தட்டில் வைத்தா.

இப்போது நாங்கள் அஜக்ஸ் என்ற ஊரில் இருக்கிறோம். அப்பா இல்லை. அசுந்தா அன்ரி இல்லை. அந்தச் செங்கல் வீட்டை இடித்து, அந்தக் காணியில் ஒடுக்கமாக இரண்டு உயர்ந்த வீடுகள் கட்டிவிட்டார்கள். பேஸ்மென்ற் யன்னல் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. போன மாசியில் அம்மாவும் போய்விட்டா. கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, "தண்ணி படாமல் பார்" என்றா.

மகள் யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். "அம்மா, உது ஐரோப்பாவில பறோக் எண்ட காலத்துச் சிலை, தெரியுமே? மியூசியத்தில இருக்க வேண்டியது. முகம் மட்டும் இருந்திருந்தால்…" என்று ஒரு நாள் சொன்னாள். நான் அதிகம் படித்தவள் இல்லை. இருந்திருந்தால் என்ன என்று அவளிடம் கேட்கவில்லை. கடவுள் ஏன் அம்மாவின் நேர்த்தியைக் கேட்கவில்லை என்றும் யாரிடமும் கேட்பதில்லை. விளக்கு வைக்கிறேன். அது என்னால் முடியும்.

வெள்ளிக்கிழமைகளில் உலர்ந்த பருத்தித் துணியால் மாதாவைத் துடைப்பேன். சேலை மடிப்புகள் மழுங்கிவிட்டன, சம்மனசுகளின் கன்னங்கள் தட்டையாகிவிட்டன, முகங்கள் இரண்டும் போய்விட்டன. ஆனால் வார்க்கும்போதெல்லாம் அம்மாவின் பெருவிரல் மூடிப் பிடித்திருந்த இடத்தில், பிள்ளையின் வலது கால் அப்படியே இருக்கிறது. குட்டி நகங்கள் தெரிகின்றன. சின்ன விரல் பக்கத்து விரலின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கிறது. அந்த ஒரு இடம் மட்டும் இன்றைக்கும் வழுவழுப்பாக, அன்று போலவே இளஞ்சூடாக இருக்கிறது.

அண்ணாவின் முகம் எனக்கு இப்போது வருவதில்லை. கண்ணை மூடிக் கும்பிடும்போது அவரை நினைத்தால், சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு ரியூசனுக்குப் போகும்போது குனிந்து குனிந்து நான் பார்த்த அவருடைய கால் மட்டும்தான் வருகிறது. ரப்பர் செருப்பு, கல்லடித்துக் கறுத்த பெருவிரல் நகம், பெடலை மிதித்து மிதித்து இறங்கி ஏறுகிற அந்த வலது கால்.

துணி அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிடும். அதை மட்டும் நான் துடைப்பதில்லை. விரலால் ஒரு முறை தொட்டுவிட்டு, விளக்கைக் கொளுத்துவேன்.